பட்டியலில் வராத ஏசுவடியான்

மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஆவணப் பிரிவுப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். "இனிய நினைவுகள்" என்று தலைப்பையும் அவர்களே போட்டு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு செய்தி. புதிய மென்பொருள் வந்திருக்கிறதாம். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் அதுவே கண்டுபிடித்துச் சொல்லுமாம். பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுமாம். சார் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதினால் சுவையாக இருக்கும் என்கிறார்கள்.

சார் காலத்திலும் ஒன்றாக்கினோம். எப்படி என்று எழுதுகிறேன். சுவைக்கு உத்தரவாதம் இல்லை. தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த எங்கள் மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவின் எழுத்தராக நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. முதல் பத்து வருடங்களில் கற்றவற்றை ஒரு வரியில் சொல்லலாம்: அட்டையைத் தேடி எடுப்பது, அட்டையைத் திருப்பி வைப்பது, இருமுகிறவர்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று பேசுவது. மூன்றாவது மட்டும் எனக்குச் சேர்வதற்கு முன்பே தெரியும்.

பிரிவின் தலைவர் தங்கராஜ் சார். குரலை உயர்த்தி அவர் பேசிக் கேட்டவர் யாரும் இல்லை. சாதாரணமாக என்னை "எலே மக்கா" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் சுத்தமான மலையாளத்துக்கு மாறி, "நிங்ஙள்" என்று மரியாதை கொடுக்கத் தொடங்குவார். அந்த மரியாதைக்குப் பயந்து பலர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போயிருக்கிறார்கள்.

காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். தொல்லை என்னவென்றால், இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும், ஆள் வேலைக்குப் போய்விடுவான். அப்படி நிறுத்தியவனிடம் நோய் திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அடங்காது. ஆகவே எங்கள் பிரிவின் உண்மையான வேலை மருந்து கொடுப்பது அல்ல, மருந்து வாங்க வராதவனைக் கண்டுபிடிப்பது.

அதற்கு சாரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மஞ்சள் அட்டை; அதே எண்ணில் சிறிய கையட்டை ஒன்றை அவரிடமும் கொடுத்தனுப்புவோம். நீளமான மரப்பெட்டிகளில் ஊர்வாரியாக மஞ்சள் அட்டைகள் நிற்கும். பொழியூருக்கு ஒரு பெட்டி, பெருங்கடவிளைக்கு ஒன்று, அம்பூரிக்கு ஒன்று. சனிக்கிழமை காலையில் பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்து, ஒரு அட்டை விடாமல் விரலால் தள்ளிக்கொண்டே போவார். வர வேண்டிய நாள் தாண்டியவனின் அட்டையைத் தலைமட்டும் தெரியும்படி தூக்கி நிறுத்துவார். தூக்கி நின்றவர்களுக்கு நான் தபால் கார்டு எழுதுவேன்: "அன்புடையீர், தங்களைக் காண வேண்டியுள்ளது. வரும் திங்களன்று வரவும்." நோயின் பெயர் இருக்காது; தபால்காரர் படிப்பார். இந்த வாசகத்தைப் பார்த்தாலே என்ன நோய் என்று ஊர் முழுக்கத் தெரியும் என்பது வேறு விஷயம். யாருக்குத் தமிழில் எழுதுவது, யாருக்கு மலையாளத்தில் எழுதுவது என்பதை வீட்டுப் பெயரைக் கேட்டவுடனே சார் சொல்லிவிடுவார். கார்டுக்கும் வராவிட்டால் களப்பணியாளர் சைக்கிளில் போவார்.

அட்டையின் வலது மூலையில் பென்சிலால் ஒரு சொல் இருக்கும். அது ஆளின் விளிப்பேர். எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் கல்லறைக்கும்தான். இடைப்பட்ட காலத்துக்கு ஊர் ஒரு பெயர் வைத்திருக்கும்: மண்டையன், குட்டன், சுக்கு, கோழி தாசன். தபால் கார்டிலும் முகவரிக்கு மேலே விளிப்பேரை எழுதச் சொல்வார் சார். பெயரை வைத்துத் தபால்காரர் யாரையும் கண்டுபிடித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார். அதை யார் கற்றுக்கொள்வது என்று கூட்டம் நடந்தது. எல்லோரும் மாட்டேன் என்றார்கள். நான் அன்று விடுப்பில் இருந்ததால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயிலைப்போல உள்ளே குளிர்ச்சியும் அமைதியும் பயமும் இருக்கும். கற்றுக்கொடுத்தவள் ஷீபா, இருபது வயது. முப்பத்தெட்டு வயதான என்னை "அங்கிள்" என்றாள். டிபேஸ் என்ற அந்த மென்பொருளைத் திறந்தால் கறுப்புத் திரையின் அடியில் ஒரே ஒரு புள்ளி நிற்கும். அவ்வளவுதான். கட்டளை என்னவென்று அது காத்திருக்கும். அதுவரை என் கட்டளைக்காக யாரும் காத்திருந்ததில்லை. அந்தப் புள்ளிமீது எனக்கு உடனே பாசம் உண்டாகிவிட்டது.

முதலில் கட்டங்களின் அமைப்பைச் சொல்ல வேண்டும்: பெயருக்கு இருபத்தைந்து எழுத்து, வீட்டுப் பெயருக்கு இருபது, ஊருக்குப் பதினைந்து, கடைசியாக வந்த தேதி. பிறகு ஒவ்வொரு ஆளாக அடிக்க வேண்டும். ஒருவனை அழிக்கச் சொன்னால் உடனே அழிக்காது, பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு வைக்கும். "பேக்" என்று இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போவான். மனிதர்களைவிட நிதானமான ஏற்பாடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். குறிப்பேட்டில் எனக்கு எப்போதும் தத்துவம்தான் வரும்.

எங்கள் அட்டைகளுக்கான அமைப்பை நான் வரைந்து காட்டியபோது தங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"விளிப்பேருக்கு எங்கலே எடம்?"

"சாரே, கம்ப்யூட்டருல போயி மண்டையன், சுக்குன்னு அடிக்கவா? டாக்டரம்மா பாத்தா நம்மள என்ன நெனைப்பாவ?"

"நம்மள நெனைக்கதுக்கா இது?"

"பேரு உண்டு, வீட்டுப்பேரு உண்டு. அது போராதா சாரே?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். என் மனதில் இருந்தது டாக்டரம்மா அல்ல. இருபத்தைந்து வயது வரைக்கும் என்னை ஊரில் "சவலை" என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்த பிறகுதான் பெயரைச் சொன்னார்கள். இன்னொருவனை மண்டையன் என்று அடித்து வைக்க என் விரல் வரவில்லை. கருணையால் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருணையால் நடந்தவை மற்றவற்றைவிடக் குறைவாகக் கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான்கு மாதம் அடித்தேன். மருந்துக்கு வராதவர்களின் முதல் பட்டியல் அச்சாகி வந்ததும் டாக்டரம்மா சிரித்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில், மூன்று இடத்தில் நின்றார். கையட்டையைத் தொலைத்தவர்கள் புது அட்டை, புது எண் வாங்கியிருந்தார்கள். நான் பழையதையும் புதியதையும் சேர்த்து அடித்து வைத்திருந்தேன். எண்ணை நம்ப முடியாது. வயதை நம்பலாம் என்றால், எங்கள் ஆட்களுக்கு வயது கேட்கிற நேரத்து மனநிலையைப் பொறுத்தது. ஷீபாவிடம் ஓடினேன்.

"ஆளுகள வரிசைப்படுத்த இண்டெக்ஸ் போடும்போ யூனிக்னு சேத்துக் குடுங்க அங்கிளே. ஒரே மாதிரி இருந்தா முதல் ஆள மட்டும் காட்டும். ஆனா ஒண்ணு, மத்தவங்க அழிஞ்சு போகமாட்டாங்க, ஒளிஞ்சு நிப்பாங்க. எத வச்சு இண்டெக்ஸ் போடுறீங்கன்னு பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்து வைத்துப் போட்டேன். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்களா என்ன?

இருப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயரை இடுவது எங்கள் வழக்கம். ஒருவருக்கு மூன்று மகன்கள் என்றால், மூன்று மகன்களின் மூத்த பையன்களுக்கும் ஒரே பெயர். பங்கு வைத்த நிலத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. வீட்டுப் பெயர் ஒன்றே. என் சித்தப்பா மகனுக்கும் என் பெயர்தான். திரையில் புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

பட்டியல் சுத்தமாக வந்தது. டாக்டரம்மா பாராட்டினார். நான்தான் அதற்குப் பிறகு சாரிடம் போய், "ரெண்டு வேலை எதுக்கு சாரே? பெட்டிய ஸ்டோருல வச்சிரலாம்" என்றேன்.

"கொள்ளாம், நல்லதுதான்," என்றார் சார். "அப்பம் சனியாழ்ச்ச நான் என்ன செய்யட்டு?"

"ரெஸ்ட் எடுங்க சாரே."

பெட்டிகள் ஸ்டோருக்குப் போயின. அதன்பின் ஏழு மாதம் நான் இந்தப் பகுதியிலேயே முக்கியமான மனிதனாக இருந்தேன்.

அம்பூரியிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், முப்பத்து நான்கு வயது, பெயர் ஏசுவடியான், வீடு பிலாவிளை. வாயில் வைத்திருந்த துண்டு முழுக்க இரத்தம். ஆறடி உயரத்தில் எலும்பு மட்டும் மிச்சம். மூன்றாம் நாள் இறந்தார்.

உடலை எடுத்துப் போவதற்கான தாளை வாங்க அவர் மனைவி லில்லி என் சன்னலுக்கு வந்தார். அழவில்லை. தாளை மடித்துக்கொண்டு கேட்டார்.

"சாரே, இவிய அஞ்சு மாசமா மருந்துக்கு வரல்ல. நீங்க கார்டு அயச்சீங்களா?"

"வராதவங்க எல்லாருக்கும் அயப்போமே."

"இவியளுக்கும் அயச்சதா?"

"அயச்சிருப்போம். கம்ப்யூட்டராக்கும், விடாது."

அவர் தலையை ஆட்டினார். "போன வருஷம் ஒருக்க வராம இருந்தாவ. கார்டு வந்துது. அடுத்த நாளே நான் வெரட்டி விட்டேன். இந்தத் தடவ ஒண்ணும் வரல்ல. அப்பம் சீக்கு மாறி சொகமாயிட்டு, அதாக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க விளிக்கலன்னு இருந்தோம்." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அயச்சதுன்னா அது மேலவீட்டுலதான் கெடக்கும்."

மேலவீடு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.

அன்று மதியம் தங்கராஜ் சார் ஸ்டோருக்குள் போய் அம்பூரிப் பெட்டியைத் தானே சுமந்து வந்தார். இரண்டு மஞ்சள் அட்டைகளை என் முன்னால் வைத்தார். இரண்டிலும் ஏசுவடியான், பிலாவிளை வீடு. ஒன்றின் மூலையில் "மணியன்", மற்றதில் "குட்டன்". இருவரும் அண்ணன் தம்பி மக்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் வந்திருக்க வேண்டும். மணியன் மாதம் தவறாமல் வருகிறவர். இறந்தவர் குட்டன்.

நான் எழுந்து நின்றேன்.

"எழுந்நேல்க்கண்ட," என்றார் சார், மலையாளத்தில். "நிங்ஙள் இரிக்கூ."

உட்கார்ந்தேன். ஏழு மாதப் பட்டியல்களையும் எடுக்கச் சொன்னார். குட்டன் ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பார்? ஒரு வீட்டில் ஒரு ஏசுவடியானை மட்டும் காட்டும்படி நான் சொல்லியிருந்தேன். முதலில் அடித்தது மணியனின் அட்டை. அவர் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் பட்டியலுக்கு வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றதால் குட்டனும் வரவில்லை. இண்டெக்ஸை எடுத்துவிட்டு முழுவதையும் காட்டச் சொன்னேன். வந்து நின்றார். அவர் எங்கும் போயிருக்கவில்லை. கடைசியாக வந்த தேதியோடு, நான் அடித்த இடத்திலேயே இருந்தார்.

அவரைப்போல ஒளிந்து நின்று மருந்தை நிறுத்தியிருந்தவர்கள் இன்னும் பதினொரு பேர். அந்த வாரம் முழுவதும் சாரும் களப்பணியாளரும் வீடு வீடாக அலைந்தார்கள். ஒன்பது பேரைக் கூட்டி வந்தார்கள். மற்ற இருவரின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்றைக்கும் எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மாவுக்குக் கொடுத்த அறிக்கையில் சார் "பிரிவின் தவறு" என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துச் சனிக்கிழமை. பெட்டிகள் மேசைக்குத் திரும்பியிருந்தன. சார் தூக்கி நிறுத்திய அட்டைகளில் ஒன்று ஏசுவடியான், பிலாவிளை வீடு.

"சாரே, அது இறந்துபோன ஆளு. அட்டைய மாத்தி வைக்க மறந்திருக்கோம்."

"கண்ணத் தொறந்து மூலையப் பாருலே. மணியனாக்கும்."

தவறாமல் வந்துகொண்டிருந்த மணியன் நின்றுவிட்டார். ஏன் என்று களப்பணியாளர் விசாரித்து வந்து சொன்னார். லில்லி ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில், எல்லோரும் கேட்க, மணியனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: கார்டு உனக்கு வந்தது, உன் பெயர்தானே என்று வாங்கி வைத்துக்கொண்டாய், என் ஆள் செத்தான். மணியன் இல்லை என்றிருக்கிறார். "ஆஸ்பத்திரிச் சாரே சொன்னாரு, கார்டு அயச்சாச்சுன்னு" என்றிருக்கிறார் லில்லி. அதன்பிறகு மணியன் வெளியே இறங்குவதில்லை. மருந்து வாங்கப் போனால், தம்பியைக் கொன்றுவிட்டுத் தன் உயிரைக் காக்கப் போகிறான் என்பார்களாம்.

கார்டு எழுதப் பேனாவை எடுத்தேன். சார் கார்டின்மேல் கையை வைத்தார்.

"எழுதண்டாம். நீ போ."

"சாரும் வாறீங்களா?"

"நான் எதுக்கு? நானா இண்டெக்ஸ் போட்டேன்?"

அன்று பகலே அம்பூரிக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு சிறிய சொற்பொழிவு தயாரித்தேன். "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு" என்பது அதில் இரண்டு முறை வந்தது. ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் நடந்தபோது அதைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

சரிவில் மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, நடுவில் ஒரு கிணறு. கீழ்வீட்டு முற்றத்தில் லில்லி ரப்பர்ப் பாலைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது பால் வெட்டுவது அவர்தான் என்பது கையில் தெரிந்தது. மேலவீட்டுத் திண்ணையில் மணியன் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கேயே இருமல் கேட்டது. அவரையும் இறங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டேன். கிணறுவரைக்கும் வந்து நின்றார். அதற்கு இப்பால் வரவில்லை.

சொற்பொழிவு போய்விட்டது.

"கார்டு அயக்கல்ல," என்றேன்.

லில்லி பாத்திரத்தைக் கீழே வைத்தார். "என்ன?"

"நாங்க கார்டு அயக்கல்ல. குட்டன் பேரு பட்டியல்ல வரல்ல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மணியனுக்கு ஒண்ணும் வரல்ல, அவரு ஒண்ணும் எடுத்து வைக்கல்ல."

மணியன்தான் முதலில் பேசினார். என்மேல் இரக்கப்பட்டுப் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"கம்ப்யூட்டருக்குப் பெசகிட்டா சாரே?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பிசகியது என்றால் மழை பெய்தது என்பதுபோல. யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

"அதுக்கு ஒண்ணும் பெசகல்ல. நான் சொன்னதத்தான் செய்தது. ஒரு வீட்டுல ஒரு ஏசுவடியான்தான் உண்டுன்னு நான் சொல்லிக் குடுத்தேன்."

லில்லி என் பக்கம் திரும்பினார்.

"இவியளுக்க அப்பூப்பன் பேரு," என்றார். "மூணு பேருக்கும் இட்டாவ. ஒருத்தன் பம்பாயில, ஒருத்தன் இந்தா நிக்கியான், ஒருத்தன் போயாச்சு. சாருக்கு ஒண்ணு போரும்னு தோணிச்சா?"

 

அவர் கையை முந்தானையில் துடைத்தார். கிணற்றைப் பார்த்துத் திரும்பினார், ஆளைப் பார்க்கவில்லை.

"மணியண்ணா, திங்களாழ்ச்ச ஆஸ்பத்திரிக்குப் போணும்."

மணியன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் கோயிலுல வச்சு சொன்னத..." என்று தொடங்கினார் லில்லி. முடிக்க முடியவில்லை. "போணும், கேட்டியளா? பிள்ளைய உண்டு ஒங்களுக்கு."

"போறேன்," என்றார் மணியன்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். லில்லி குனிந்து பாத்திரத்தை எடுத்தார்.

"சாரு இனி இங்க வரண்டாம். கார்டு அயச்சாப் போரும்."

திங்கட்கிழமை மணியன் வந்தார். அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து மருந்து தொடங்கினார்கள். எட்டு மாதம், ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார். என் மேசைமுன் வரிசையே இல்லாத நாட்களிலும் கையட்டையை அடுத்த மேசையில்தான் நீட்டினார்.